வெல்டிங் கேபிள் ரீல் வாங்கலாமா, செய்யலாமா?

கேள்வி: அம்பத்தூரில் கேட், கிரில், ஷெட் வேலை செய்கிறேன். குட்டியானையில் டீசல் வெல்டிங் செட்டை வைத்துக்கொண்டு சைட்டுக்கே போய் வெல்டு அடிப்போம், நானும் ஒரு ஹெல்ப்பரும். ஹோல்டருக்கு 30 மீட்டர், எர்த்துக்கு 30 மீட்டர் கேபிள். சிக்கு விழுகிறதே என்று பக்கத்துப் பட்டறையில் இரும்பு ரீல் இரண்டு செய்து வண்டியில் பொருத்தினேன். போன மழையில் வண்டியில் சாய்ந்தபடி கேட்டைத் தொட்டேன், சுரீரென்று இழுத்தது. இன்சுலேஷனோடு வரும் ரெடிமேட் ரீல் விலை அதிகமாக இருக்கிறது. நானே செய்யலாமா? கேபிளும் புதுசுதான், 35 சதுர மில்லிமீட்டர். ஆனால் தொட முடியாத சூடு. கடைக்காரர் "200 ஆம்பியர்ல அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார்.

பதில்: தப்பித்தீர்கள். மெஷின் ஓடும்போது, வெல்டு அடிக்காத நேரத்திலும் ஹோல்டருக்கும் எர்த்துக்கும் நடுவே 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். காய்ந்த கைக்கு அது பெரிதாகத் தெரியாது. நனைந்த சட்டை, ஈரச் செருப்பு என்றால் கதை வேறு. உங்கள் ஹோல்டர் கேபிளோ அதன் லக்கோ (கேபிள் முனையில் இருக்கும் உலோகக் காது) ரீலின் டிரம்மைத் தொட்டிருக்கிறது. டிரம்மிலிருந்து ஸ்டாண்ட், ஸ்டாண்டிலிருந்து சேசிஸ். கேட்டில் எர்த் கிளாம்ப். நடுவில் நீங்கள்.

எர்த் ரீலும் சேசிஸைத் தொட்டால் வெல்டிங் கரண்ட் வண்டியின் பேரிங், பேட்டரி ஒயர் என்று வழி தேடிப் போகும். அதனால் இரண்டு ரீலுக்குமே இன்சுலேஷன் வேண்டும்.

நீங்களே செய்யலாம். டிரம்முக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே நைலான் ராடைக் கடைந்து புஷ் போடுங்கள். ஸ்டாண்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஹைலம் ஷீட் (கரண்ட் கடத்தாத கெட்டிப் பலகை). கட்டை வேண்டாம், மழையில் ஈரம் குடிக்கும். பிவிசி பைப்பும் வேண்டாம், சூட்டில் இளகும்.

பெரும்பாலான பட்டறைகள் கோட்டை விடுவது போல்ட்டில்தான். எனக்கு ஒருவர் செய்துகொடுத்த ரீலில் ஹைலம் ஷீட் கட்டைவிரல் தடிமன். பார்க்கவே கம்பீரம். மல்டிமீட்டர் வைத்தால் 'பீப்'. ஷீட்டைத் துளைத்துப் போன நான்கு இரும்பு போல்ட்டும் மேலே ஸ்டாண்டையும் கீழே வண்டியையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தன. ஒவ்வொரு போல்ட்டுக்கும் நைலான் குழல், மேலும் கீழும் ஃபைபர் வாஷர் போட்ட பிறகுதான் சத்தம் நின்றது.

சுற்றும்போதே கரண்ட் கடத்தும் சுழல் கான்டாக்ட்டை வீட்டுப் பட்டறையில் முயல வேண்டாம்.  கேபிளின் உள்முனையில் ரப்பர் மூடிய கனெக்டர் போட்டு டிரம் ஓரத்தில் நிறுத்துங்கள். கேபிளை இழுத்து முடித்ததும் மெஷினிலிருந்து வரும் சின்ன ஜம்பர் கேபிளை அதில் சொருகுங்கள். சுற்றும் முன் கழற்றியே ஆக வேண்டும் என்பதும் ஒரு பாதுகாப்பு.

முடித்ததும் மெஷினை நிறுத்தி, கேபிள்களை மெஷினிலிருந்து கழற்றிவிட்டு, லக்குக்கும் சேசிஸுக்கும் நடுவே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. தண்ணீர் தெளித்து இன்னொரு முறை. ரெடிமேட் வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் இதே சோதனைதான். டிரம் மட்டும் இன்சுலேஷனா, ஸ்டாண்டும் சேர்த்தா என்று கேளுங்கள்.

இனி சூடு. நல்ல 35 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் 30 மீட்டரில் 200 ஆம்பியர் ஓடினால் சுமார் 600 வாட் வெப்பம். அவ்வளவும் ரீலில் சுருண்டு கிடந்தால் உள்ளே ஒரு இஸ்திரிப் பெட்டி இருப்பது போலத்தான். முழுசாக அவிழ்த்துவிட்டு அடியுங்கள். அதற்கப்புறமும் கொதித்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு மீட்டர் வெட்டி, ரப்பரை உரித்து, கம்பியை மட்டும் தராசில் வையுங்கள். தாமிரமென்றால் 310 கிராம் பக்கம் வரும். 130 கிராமில் நின்றால் அது தாமிரம் பூசிய அலுமினியம். வெள்ளையாகத் தெரிந்தாலே சண்டைக்குப் போய்விடாதீர்கள். வெள்ளீயம் பூசிய தாமிரமும் உண்டு, சுரண்டினால் சிவப்பு தெரியும். உறையில் வெல்டிங் கேபிளுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 9857 என்று அச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எடை குறைந்தால் வெட்டிய துண்டோடும் பில்லோடும் கடைக்குப் போங்கள். "தொழிலுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட் கிடையாது" என்பார். அது பாதி உண்மை. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. துணைக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தாலும் அந்த உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.