அரசியல் அறிவியல் படிச்சா கட்சிக்காரி ஆயிருவாளா?

கேள்வி: பொண்ணு பத்தாவது முடிச்சுட்டா, நல்ல மார்க். பிளஸ் ஒன்ல அரசியல் அறிவியல் இருக்கற குரூப்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. எங்க மாமனாரு "கட்சி கொடின்னு சுத்தறதுக்கா படிக்க வெக்கறோம், பயாலஜி எடுக்கட்டும்"ங்கறாரு. என்னங்க பண்றது? - ஒரு அம்மா, கோபி பக்கம்

பதில்: எடுக்கட்டும் விடுங்க அம்மணி. அரசியலமைப்புச் சட்டம், பார்லிமென்ட், கோர்ட்டு, எலக்சன், உள்ளாட்சி, இதுதானுங்க பாடம், கொடி புடிக்கறதுக்கு யாரும் பரீட்சை வெக்கறதில்ல.

பெரியவருகிட்ட 1996 மொடக்குறிச்சி எலக்சனைக் கேட்டுப் பாருங்க, நம்ம ஈரோட்டுப் பக்கத்து ஆளுக அதை மறந்திருக்க மாட்டாங்க. விவசாயிக கோரிக்கையை ஒருத்தரும் கண்டுக்கலைன்னு ஆளாளுக்கு நாமினேசன் போட்டு கடைசில 1,033 பேர் நின்னாங்க, பேலட் பேப்பரைப் பொஸ்தகமாட்ட அச்சடிக்க வேண்டியதாப் போச்சு, ஓட்டுப்பதிவையே தள்ளி வெச்சாங்க. அப்ப எம்எல்ஏவுக்கு நிக்கறதுக்கு டெபாசிட் வெறும் 250 ரூவா. அதே வருசம் சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்குனாங்க, சுயேச்சையா நிக்கறவங்களுக்கு முன்மொழிய 10 பேர் வேணும்னும் வெச்சாங்க, 2009 திருத்தத்துக்கப்புறம் டெபாசிட் 10,000 ஆயிருச்சு. பொழுதுபோகாம நிக்கறவங்களைத் தடுக்க அது வேணுங்கறாங்க, சரி, ஆனா வேற வழியில்லாம நிக்கற காட்டுக்காரன் அத்தனை காசுக்கு எங்க போவான்? இதைப் பெரியவரும் பேத்தியும் ஒருநா உக்காந்து சண்டை போடட்டும், அவருதான் ஜாஸ்தி பேசுவாருன்னு எனக்குத் தோணுது. பொள்ளாச்சிப் பக்கம் பொறந்த சி.சுப்பிரமணியம், நம்ம அரசியலமைப்புச் சட்டத்தை எழுதுன அரசியல் நிர்ணய சபையில இருந்தவருன்னும் சேத்திச் சொல்லுங்க, கொஞ்சம் எறங்கி வருவாரு.

ஒண்ணு மட்டும் பொண்ணுகிட்ட ஒளிக்காமச் சொல்லிருங்க, இந்த குரூப் எடுத்தா நீட் எழுதி டாக்டர் ஆகோணும்ங்கற நெனப்பை விட்டுரோணும். அஞ்சு வருச சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பா இருந்தாலும் போலாம், டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி ரெண்டுலயும் அரசமைப்புக் கேள்வி வரும், யுபிஎஸ்சி மெயின்ஸ்ல இதையே விருப்பப் பாடமாவும் எடுக்கலாம்.

அப்பறம், எல்லா ஸ்கூல்லயும் இந்த குரூப் இருக்காதுங்க, தேடித்தான் புடிக்கோணும். இருந்தாலும் போர்டுல எழுதிப் போட்டிருக்கறதை நம்பிப் பணம் கட்டிராதீங்க. அந்தப் பாடத்துக்குன்னே டீச்சர் இருக்காங்களா, இல்ல வேற பாடத்து வாத்தியாரு வந்து புக்கை வாசிச்சுட்டுப் போறாரான்னு அங்க பிளஸ் டூ படிக்கற புள்ளைககிட்டயே கேளுங்க, ஆபீஸ்ல கேட்டா எல்லாம் இருக்குன்னுதான் சொல்லுவாங்க.