பிள்ளைக்கு அரசியலமைப்பில் என்ன இடம்? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் தோட்டத்து மக்கள் கேட்டவற்றுக்கு நான் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (தோட்டக் கிராணி): ஐயா, மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பில் பிள்ளைகளுக்கென்று தனி விதி உண்டா?

பதில்: இல்லை. உயிரைக் காக்கும் 5ஆம் விதியும் சமத்துவத்தைச் சொல்லும் 8ஆம் விதியும் எல்லாருக்கும் பொதுவானவை. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் இருந்தாலும், அதை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையிலேயே மாற்றிவிடலாம். தென்னாப்பிரிக்காவோ, பிள்ளையின் நலனே முதன்மை என்பதை 1996இல் தன் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தது.

கேள்வி (பால்மரம் சீவும் தகப்பன்): நான் குடிமகன், ஐயா. மகன் இங்கேதான் பிறந்தான், பதினைந்து வயதாகிறது. அவன் அம்மா இந்தோனேசியா. கோயிலில் தாலி கட்டினோம், பதியவில்லை. பத்திரத்தில் ‘புக்கான் வார்காநெகாரா’ (குடிமகன் அல்லர்) என்று இருக்கிறதே?

பதில்: நான்காக மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன அந்தப் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தேன், தம்பி. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களைப் பதிந்தாக வேண்டும் என்னும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருப்பதால், தாலி மட்டும் சட்டத்தின் கண்ணுக்குத் திருமணம் ஆகாது. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு, அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையிலுள்ள 17ஆம் பிரிவு, தகப்பனின் இடத்தில் தாயை வைக்கிறது. தாய் அந்நியர் என்றால் மகனும் அந்நியனாகிறான். பெற்றோர் பதியாமல் விட்டதற்குப் பிள்ளை தண்டனை அனுபவிப்பதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. சிறப்புச் சூழலில் பிள்ளையைக் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் தரும் 15A விதியின் கீழ் உடனே மனுச் செய்யுங்கள். அரசாங்கம் மனம் வைத்தால்தான் கிடைக்கும் என்பதால் இழுக்கும், ஆனாலும் விடாதீர்கள்.

கேள்வி (இளம் தாய்): என் கணவர் சிங்கப்பூரர். பிள்ளை அங்கே பிறந்தது. நான் மலேசியக் குடிமகள்; பிள்ளைக்கும் குடியுரிமை கிடைக்குமா?

பதில்: வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியே மட்டும் தானாகக் குடியுரிமை என்றிருந்த நிலையை மாற்றி, தாயையும் சேர்க்கும் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது. அது நல்ல செய்திதான், அம்மா, ஆனால் நடப்புக்கு வருமுன் பிறந்த பிள்ளைக்கு அது தானாகப் பொருந்தாது. மேலும், 15A விதியின் வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைத்ததும் அதே திருத்தம்தான். மேலே கேட்ட தகப்பனை நான் அவசரப்படுத்தியது அதனால்தான்.

கேள்வி: பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையின் மதத்தை மாற்றலாமா?

பதில்: கூடாது. கணவர் தனியாகவே பிள்ளைகளை மதம் மாற்றியதை எதிர்த்து ஈப்போவைச் சேர்ந்த தாய் இந்திரா காந்தி தொடுத்த வழக்கில், இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): பிள்ளைகளுக்குத் தனி விதி கொண்டுவர என்ன வேண்டும்?

பதில்: 159ஆம் விதிப்படி இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், டீச்சர். குடியுரிமைப் பகுதியைத் தொட்டால் சுல்தான்கள் கூடும் ஆட்சியாளர்கள் மன்றத்தின் இசைவும் சேர வேண்டும். வாக்குக் கேட்டு லயத்துக்கு வரும் வேட்பாளரிடம் அந்த 17ஆம் பிரிவை எண் சொல்லியே கேளுங்கள்.