ஏழு என்று சொல்லும் இயந்திரம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெமின் ரோபோ கதைகளைப் புகழ்ந்து நீங்கள் எழுதியதைப் பார்த்து, தேடிப்பிடித்து இரண்டை ஆங்கிலத்தில் படித்தேன். சிரிப்பு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் முடித்ததும் ஏதோ ஏமாற்றம். செயற்கை நுண்ணறிவு, பருவநிலை மாற்றம் என்று எதிர்காலத்தை நினைத்தாலே கவலையாக இருக்கிறது. இந்த நேரத்தில் விஞ்ஞானத்தைக் கேலி செய்யும் கதைகளைப் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அறிவியல் புனைவு எச்சரிக்க வேண்டும், இல்லையென்றால் கனவு காண வைக்க வேண்டும். சிரிக்க வைக்க வேறு எழுத்துகள் இருக்கின்றனவே.

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

படித்துப் பார்த்துவிட்டு மறுப்பு எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. நீங்கள் படித்தவை எந்தக் கதைகள் என்று சொல்லவில்லை. எனக்குப் பிடித்த இரண்டை வைத்துப் பேசுகிறேன்.

முதல் கதையில் ட்ரூர்ல் என்ற பொறியாளன் ஓர் இயந்திரம் செய்கிறான். 'என்' (N) என்ற ரோமன் எழுத்தில் தொடங்கும் எதையும் அது உண்டாக்கும். நண்பன் கிளபௌசியஸ் அதைச் சோதிக்க வருகிறான். அவன் பொறாமைக்காரன். எதைக் கேட்டாலும் இயந்திரம் செய்துவிடவே, கடைசியில் 'நத்திங்' என்று கேட்கிறான். ஒன்றுமில்லாததைச் செய்! இயந்திரம் சும்மா நிற்பதுபோல் இருக்கிறது. தோற்றுவிட்டாய் என்கிறான். இயந்திரமோ வேலையை ஆரம்பித்துவிட்டது. உலகிலிருந்து ஒவ்வொன்றாக அகற்றிக்கொண்டிருக்கிறது. ஒரே நொடியில் எல்லாவற்றையும் அழித்திருந்தால் வேலை சரியாக முடிந்தது என்று சொல்ல யாரும் மிஞ்சமாட்டார்களே, அதனால்தான் மெதுவாகச் செய்கிறேன் என்று விளக்கமும் தருகிறது. அலறிப்போய் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்துகிறது. ஆனால் போனதில் 'என்'னில் தொடங்குபவற்றை மட்டும்தான் அதனால் திருப்பித் தர முடியும். மற்றவை போனது போனதுதான். வானத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே இவ்வளவு இருட்டும் வெறுமையும் இருப்பது அதனால்தான் என்று கதை முடிகிறது.

இதில் விஞ்ஞானத்தை எங்கே கேலி செய்கிறார் லெம்? அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1960இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இயந்திரத்துக்குள் நாம் வைக்கும் நோக்கம், நாம் உண்மையிலேயே விரும்பும் நோக்கம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள் என்பது அதன் எச்சரிக்கை. இயந்திரங்களும் உயிர்களும் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்வதை ஆராயும் வீனரின் சைபர்னெடிக்ஸை லெம் ஊன்றிப் படித்தவர். 1950களின் தொடக்கத்தில் அதை முதலாளித்துவப் போலி விஞ்ஞானம் என்று சோவியத் ரஷ்யாவில் திட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதையை 1960களின் நடுவில் எழுதுகிறார். வீனர் சொன்ன அதே ஆபத்துதான் கதையிலும் இருக்கிறது. இயந்திரம் கெட்டுப்போகவில்லை, சொன்னதை அப்படியே செய்கிறது. நீங்கள் கேட்கும் எச்சரிக்கை இதுதானே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயமுறுத்தும் கதையில் தர்க்கத்தில் ஓட்டை இருந்தால் பயமே அதை மூடிவிடும். நாமும் மன்னித்துவிடுவோம். சிரிப்புக் கதையில் அந்தச் சலுகை கிடையாது. 'என்'னில் தொடங்காத ஒரு பொருளை அந்த இயந்திரம் ஒரே ஒரு தடவை செய்திருந்தால்கூடக் கதை படுத்துவிடும். போட்ட விதியைக் கடைசி வரி வரைக்கும் மீறாமல் கொண்டுபோனதால்தான் நமக்குச் சிரிப்பும் வருகிறது, அப்புறம் வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. ஒரு கொள்கையை எடுத்துக்கொண்டு அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பதைத்தானே இயற்பியல் வகுப்பில் நீங்களும் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

இரண்டாவது கதையை என் அக்கா மகனுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டினேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ட்ரூர்ல் எட்டு மாடி உயரத்துக்கு ஒரு சிந்திக்கும் இயந்திரம் கட்டி, பெயின்ட் அடித்து, முதல் கேள்வியாக இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்கிறான். 'ஏழு' என்கிறது. திருகாணிகளை முடுக்குகிறான், திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஏழுதான். திட்டி உதைத்ததும் அதற்கு ரோஷம் வந்துவிடுகிறது. அஸ்திவாரத்தைப் பிய்த்துக்கொண்டு இரண்டு நண்பர்களையும் துரத்துகிறது. அவர்கள் ஊருக்குள் ஓடி ஒளிய, வீடுகளை இடித்துக்கொண்டு அதுவும் வருகிறது. தயவுசெய்து வெளியே போய்விடுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் இவர்களிடம் கெஞ்சுகிறார்கள்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பையன் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தான். "ஏழுன்னு சொல்லிட்டா விட்டுடும்ல மாமா? சொல்றதுல என்ன?" என்றான்.

"நீயா இருந்தா சொல்வியா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "வெளியில சொல்லுவேன். மனசுக்குள்ள நாலுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லெம் வாழ்ந்த, சோவியத் பிடியில் இருந்த போலந்தில் பெரியவர்கள் பல வருஷம் அப்படித்தான் வாழ்ந்தார்கள். வெளியே ஏழு, உள்ளே நாலு. ஐந்தாண்டுத் திட்டத்தை நான்கே ஆண்டில் முடிப்போம் என்பதற்காக 'இரண்டும் இரண்டும், கூடவே தொழிலாளர் உற்சாகமும் சேர்ந்தால் ஐந்து' என்று 1931இல் சோவியத்தில் சுவரொட்டியே அச்சடித்திருக்கிறார்கள். லெம் 1948இல் எழுதி முடித்த ஒரு நாவல், அதைச் சேர் இதை மாற்று என்ற தணிக்கை இழுபறியில் சிக்கி 1955இல்தான் வெளிவந்தது. அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பிடிவாதம் பிடிக்கும் ஒரு பெரிய முட்டாள் இயந்திரத்தைப் பற்றி எழுதினார். நேராக எழுதியிருந்தால் அச்சுக்கே போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். கதையின் முடிவில் பாறைகள் சரிந்து இயந்திரம் நசுங்குகிறது. அப்போதும் அதன் கடைசி முனகல் 'ஏழு'தான்.

உங்கள் கோபத்தில் எனக்கு உடன்பாடான ஒரு பகுதியும் உண்டு. பரட்டைத் தலை, வெடித்துப் புகையும் ஆய்வுக்கூடம், எதைச் செய்தாலும் சொதப்பும் விஞ்ஞானி என்று நம் சினிமாவில் வருமே, அந்தக் கேலி எனக்கும் பிடிக்காது. அதில் கருத்தும் இல்லை, தர்க்கமும் இல்லை. அதையும் லெமையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். நம்மிடமே சுஜாதா இருக்கிறார். 'என் இனிய இயந்திரா'வில் நாடே கும்பிடும் தலைவர் வெறும் ஹோலோகிராம் பிம்பம். அதை நம் மனதில் நிற்க வைத்ததில் ஜீனோ என்ற ரோபோ நாயின் வாய்த்துடுக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஜீனோவை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பாதிக் கதை போய்விடும்.

சரி, ஒரு வேண்டுகோள். அந்த 'என்' கதையை உங்கள் மாணவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். மூலத்தில் கிளபௌசியஸ் ஓரிடத்தில் 'நௌக்கா' கேட்பான். போலிஷில் அதற்கு அறிவியல் என்று பொருள். உடனே முற்றத்தில் அறிஞர்கள் கூட்டம் வந்து நின்று, ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் கிழிப்பார். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மைக்கேல் கேண்டல் அதை 'நேச்சர்' என்று மாற்றினார், எழுத்து ஒத்துவர வேண்டுமே. தமிழில் எந்த எழுத்தைப் பிடிப்பது என்று நானும் பல நாள் யோசித்தேன். இப்போதைக்கு 'இ'யில் நிற்கிறேன். இட்லி, இரும்பு, இசை என்று ஆரம்பித்து 'இன்மை'யில் கொண்டுபோய் முடிக்கலாம். இயற்பியல்கூட 'இ'யில்தான் தொடங்குகிறது, அதைக் கேட்டால் முற்றத்தில் யார் வந்து நிற்பார்கள் என்று உங்கள் பிள்ளைகளே சொல்லட்டும். இதைவிட நல்ல எழுத்து ஏதாவது அவர்களுக்குக் கிடைத்தால் எனக்கு அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்