பாட்காஸ்டுக்கு ஃபீட் எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் இரண்டு நண்பர்களும் ஈரோட்டில் ஜவுளித் தொழிலில் இருக்கிறோம். நூல் விலை, சாயப்பட்டறைச் சிக்கல், ஜிஎஸ்டி, ஏற்றுமதி என்று வாரம் ஒருமுறை பேசிப் பதிவு செய்து யூடியூபில் போடலாம் என்று எண்ணம். சொந்தமாக ஆர்எஸ்எஸ் ஃபீட் (புதிதாக என்ன வந்திருக்கிறது என்று செயலிகள் வந்து பார்க்கிற பட்டியல்) இல்லாமல் பாட்காஸ்ட் தொடங்க வேண்டாம் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். ஃபீட்களைத் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடியபோதே ஆர்எஸ்எஸ் கதை முடிந்துவிட்டது என்கிறார் நண்பர். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் இருக்கும்போது இது எதற்கு? வருமானம் வருமா?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. ஃபீட் வழியாகச் செய்தி படிக்கிற பழக்கம் அதன்பின் தேய்ந்துதான் போனது. ஆனால் அடுத்த வருடமே அமெரிக்காவில் ‘சீரியல்’ என்ற கொலை வழக்கு விசாரணைத் தொடர் வந்து, பாட்காஸ்ட் என்றால் என்னவென்றே அறியாதவர்களையும் கேட்க வைத்தது. அது பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது ஆர்எஸ்எஸ் வழியாகத்தான். கேட்டவர்களுக்கு அது தெரிந்திருக்காது, தெரியவும் வேண்டியதில்லை.

ஃபீட் என்பது வெறும் எழுத்துக்கோப்பு. 1999இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் உருவானது. அதைச் செய்தவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த ஆர்.வி. குஹா. 2000 முடிகிற சமயத்தில் டேவ் வைனர் என்ற மென்பொருள்காரர் அதில் ஒரு வரியைச் சேர்த்தார்: ஒலிக்கோப்பு எந்த முகவரியில் இருக்கிறது, எத்தனை பைட், என்ன வகை. அவ்வளவுதான். 2004இல் எம்டிவியின் பழைய தொகுப்பாளர் ஆடம் கர்ரி, அந்த ஒலிக்கோப்பு தானாகவே ஆப்பிளின் ஐபாட் என்ற பாட்டுக் கருவியில் இறங்கும்படி ஒரு நிரல் எழுதினார். 2005 ஜூனில் ஆப்பிள் பாட்காஸ்டைத் தன் பாட்டு மென்பொருளான ஐட்யூன்ஸுக்குள் கொண்டுவந்தது. இரண்டே நாளில் 10 லட்சம் சந்தாக்கள்.

ஆப்பிள் அன்று செய்யாமல் விட்டதுதான் முக்கியம். அது ஒலிக்கோப்புகளைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. ஃபீட் முகவரிகளை மட்டும் பட்டியலிட்டது. கோப்பு உங்கள் சர்வரில் இருக்கும். கேட்பவரின் செயலி நேராக அங்கே வந்து எடுத்துக்கொள்ளும். பெருந்தன்மையா, அசட்டையா, என்னால் சொல்ல முடியாது. ஐபாட் விற்றால் போதும் என்று இருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் பாட்காஸ்ட் என்கிற சந்தைக்கு வாசலில் நின்று சுங்கம் வசூலிக்க ஆள் இல்லாமல் போனது.

அந்த வாசலைக் கட்டப் பார்த்தது ஸ்பாட்டிஃபை. பாட்டுக்கு அவர்கள் இசை நிறுவனங்களுக்குக் காசு அழுதாக வேண்டும். பேச்சு அவர்களுடையதாகவே இருந்தால் அந்தச் செலவு இல்லை. 2019இல் பாட்காஸ்ட் தயாரிக்கும் கிம்லெட், பாட்காஸ்ட் வெளியிட உதவும் ஆங்கர் என்ற இரு நிறுவனங்களையும் வாங்கினார்கள். 2020இல் அமெரிக்காவின் பிரபல பாட்காஸ்டர் ஜோ ரோகனைத் தங்களிடம் மட்டுமே பேச ஒப்பந்தம் போட்டார்கள். 10 கோடி டாலருக்கு மேல் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. என்ன ஆனது? ஒரே செயலியில் பூட்டினால் கேட்கிற கூட்டம் சுருங்குகிறது, கூட்டம் சுருங்கினால் விளம்பரம் சுருங்குகிறது. 2023இல் பாட்காஸ்ட் பிரிவில் ஆட்குறைப்பு. 2024 பிப்ரவரியில் ரோகனுடன் புது ஒப்பந்தம் போட்டபோது, ஆப்பிளிலும் யூடியூபிலும்கூட அந்த நிகழ்ச்சி வரலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். அவ்வளவு பணத்தாலும் அந்த எழுத்துக்கோப்பை ஓரங்கட்ட முடியவில்லை.

அதே 2024இல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியையும் மூடியது (மூடுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை). அதில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் சந்தாப் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போக முடிந்தது. யூடியூபில் உங்கள் சேனல் முடக்கப்பட்டால் சந்தாதாரர்களை இப்படிக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை.

சரி, வருமானம். ஃபீடின் பலவீனமே இங்கேதான். கோப்பு இறங்கியது தெரியும், கேட்டார்களா என்பது தெரியாது. 2023இல் ஐபோனின் ஐஓஎஸ் 17 மென்பொருள் வந்தபோது, கேட்பதை நிறுத்திவிட்டவர்களின் போனில் கோப்புகள் தானாக இறங்குவதை ஆப்பிள் குறைத்தது. பெரிய நிகழ்ச்சிகளின் டவுன்லோட் கணக்கு சடாரென்று விழுந்தது. காதுகள் குறையவில்லை, கணக்குதான் சரியானது. விளம்பரதாரர்கள் நிகழ்ச்சிக்கு ஒரு தள்ளுபடிக் குறியீடு கொடுத்து விற்பனையை எண்ணுவது இதனால்தான்.

ஆயிரம் டவுன்லோடுக்கு இவ்வளவு என்கிற விளம்பரக் கணக்கு உங்களுக்கு உதவாது. உங்களைக் கேட்கப்போவது சில நூறு பேர். ஆனால் அவர்கள் நூலும் தறியும் சாயமும் வாங்குகிறவர்கள். தறி உதிரிபாகம் விற்பவருக்கு அந்தச் சில நூறு பேர் போதும். நேரடியாகப் பேசி மாதத் தொகை வாங்குங்கள், விளம்பரத்தை உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். இன்னொரு வழி, கட்டணம் கட்டியவருக்கு மட்டும் தனி ஃபீட் முகவரி. சந்தா வசூலித்துத் தரும் தளங்களான பேட்ரியான், சப்ஸ்டாக் எல்லாம் இப்படித்தான் கொடுக்கிறார்கள். கேட்பவர் அதைத் தான் வழக்கமாகப் பயன்படுத்தும் செயலியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

யூடியூபை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஐபாடும் தினசரிக் கார்ப் பயணமும் பாட்காஸ்டை வளர்த்தன. நம்மிடம் 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் ஜனங்கள் நேராக வீடியோவுக்குப் போய்விட்டார்கள். தமிழில் புதிதாக ஆள் சேர்வது அங்கேதான். அதனால் ஆள் பிடிக்க யூடியூப், பிடித்தவரை வைத்துக்கொள்ள ஃபீட். தறி ஓடும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, காதில் கேட்கலாம்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். உங்கள் ஒலிக்கோப்பையும் ஃபீடையும் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தை விட்டு வெளியேறினால் பழைய ஃபீட் முகவரியைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். ஃபீடில் உரிமையாளர் மின்னஞ்சல் என்று ஒரு இடம் இருக்கும். எடிட் செய்து தரும் பையனுடைய முகவரியைப் போடாமல் உங்கள் மூவருக்கும் பொதுவான ஒன்றைப் போடுங்கள். நிகழ்ச்சி யாருடையது என்று உறுதி செய்ய ஸ்பாட்டிஃபை போன்றவர்கள் அந்த முகவரிக்குத்தான் சரிபார்ப்புக் குறியீடு அனுப்புவார்கள்.

முதல் பகுதி வந்ததும் ஃபீட் முகவரியை எனக்கும் அனுப்புங்கள்.