மலைச்சரிவில் மர வீடுகள்: முதலில் தண்ணீர், பிறகு மரம்

கோத்தகிரிப் பக்கம் மூன்று ஏக்கர் பழைய தேயிலைச் சரிவு. அதில் சில குடும்பங்கள் சேர்ந்து, ஒவ்வொன்றும் 70 சதுர மீட்டர் அளவில் பன்னிரண்டு மர வீடுகள் கட்ட நினைக்கிறார்கள். அதையொட்டி அவர்களும், குன்னூர், ஊட்டி, கொடைக்கானலில் இதே யோசனையில் இருப்பவர்களும் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

சுரேஷ், கோத்தகிரி: பன்னிரண்டு வீட்டையும் எங்கே வைப்பது என்று எப்படி முடிவு செய்வது? எல்லாருக்கும் பள்ளத்தாக்கு தெரிகிற முகப்புதான் வேண்டுமாம்.

பள்ளத்தாக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், சுரேஷ். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் அக்டோபர், நவம்பரில் நிலத்தைக் குடையோடு சுற்றி வாருங்கள். எங்கே தண்ணீர் ஓடுகிறது, எங்கே மண்ணிலிருந்து கசிகிறது, எங்கே கால் புதைகிறது என்று ஒவ்வொன்றையும் குச்சி நட்டுக் குறியுங்கள். கோடையில் எடுத்த சர்வே வரைபடத்தில் ஊற்றுக்கண் தெரியாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே திடீரென்று கோரைப்புல்லும் பெரணியும் அடர்ந்திருந்தால் அங்கே அடியில் ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். மரங்கள் கீழ்ப்பக்கம் சாய்ந்து, நுனி மட்டும் நிமிர்ந்து வளர்ந்திருந்தால் மேல்மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்த இரண்டு இடத்திலும் வீடு கூடாது.

நம் மலையில் பாறை கீழே ஆழத்தில் இருக்கிறது. அதன்மேல் பல மீட்டர் தடிமனுக்குச் சிதைந்த செம்மண். காய்ந்திருக்கும்போது சுவர் மாதிரி நிற்கும், நீர் ஏறினால் பிடிப்பு விடும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரத்தில் நடந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

சரிவைக் கொண்டு நிலத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஐந்தடி நடந்தால் ஓரடிக்குக் குறைவாக இறங்கும் இடத்தில் வீடு, முற்றம், வண்டி நிறுத்தம். ஐந்துக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஒன்று வரையுள்ள இடத்தில் தனித்தனிக் கால்கள்மேல் நிற்கும் வீடு மட்டும், மண் வெட்டக்கூடாது. அதைவிடச் செங்குத்தான பகுதியையும், ஓடைக்கு இருபுறமும் குறைந்தது 15 மீட்டரையும் தொடாமல் விடுங்கள். பன்னிரண்டு வீட்டின் தரைப்பரப்பு மொத்தம் 840 சதுர மீட்டர்தான், உங்கள் நிலத்தில் ஏழு சதவீதம். இடம் பற்றாது என்ற கவலை வேண்டாம். வீடுகளை மூன்று மூன்றாகச் சேர்த்து வையுங்கள். வண்டிகள் மேல் ரோட்டோரமே நிற்கட்டும். உள்ளே ஒன்றரை மீட்டர் நடைபாதை போதும், ஸ்ட்ரெச்சரும் தள்ளுவண்டியும் போகும். வீட்டு வாசல் வரை ஜீப் ரோடு வெட்டினால், அந்த ரோட்டின் வெட்டுமுகம்தான் முதலில் சரியும்.

கவிதா, குன்னூர்: கூரைத் தண்ணீருக்கு வீட்டுக்கு ஒரு உறிஞ்சுகுழி போதும் என்கிறார் எங்கள் மேஸ்திரி.

கோவையில் அது சரி. சரிவில் அது ஆபத்து, மேடம். கணக்கைப் பாருங்கள். இறவாணம் (சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரம்) சேர்த்து ஒரு கூரை 90 சதுர மீட்டர் என்றால் பன்னிரண்டு கூரை 1,080 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் 1,08,000 லிட்டர். (2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. 10 செ.மீ. அதோடு ஒப்பிட்டால் சிறியது.) இத்தனையையும் குழிக்குள் இறக்கினால் கீழ்வீட்டின் பின்சுவருக்குப் பின்னால் மண்ணை நாமே ஊறவைக்கிறோம்.

வீட்டுக்கு 5,000 லிட்டர் தொட்டி வையுங்கள். நிரம்பி வழிவதைக் கருங்கல் பதித்த படிக்கால்வாய் வழியாக ஓடையில் சேருங்கள். கால்வாய் 450 மி.மீ. அகலம், 300 மி.மீ. ஆழத்துக்குக் குறையக்கூடாது. ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு படி வேண்டும், வேகம் அங்கே உடையும். வழவழப்பான சிமென்ட் கால்வாய் போட்டால் முடியும் இடத்தில் தண்ணீர் பள்ளம் பறித்துவிடும். குடியிருப்புக்கு மேலே, சரிவின் குறுக்கே ஒரு தடுப்புக் கால்வாயும் தேவை. தாங்குசுவர் தவிர்க்க முடியாவிட்டால் ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். பின்னால் 300 மி.மீ. ஜல்லி நிரப்பி, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 75 மி.மீ. கசிவுத்துளை விடுங்கள். சுவர் விழுவது பெரும்பாலும் மண்ணின் கனத்தால் மட்டுமல்ல, பின்னால் தேங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்துதான்.

ஆசிக், கொடைக்கானல்: இங்கே கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) பைனும் நிறைய இருக்கிறதே. அதிலேயே கட்டலாமா?

எல்லாம் கட்டட மரம் ஆகிவிடாது, பாய். கற்பூர மரத்துக்கு நார் முறுக்கிக்கொண்டு போகும், உள்ளே இழுவிசை அதிகம். பலகையாக அறுத்த அன்றே வில்லாக வளையும், முனை பிளக்கும். உருண்டைக் கம்பமாகவே பயன்படுத்தினால் நல்லது. சீகை வேலிக்கும் விறகுக்கும். பைன் மென்மையானது, மருந்து நன்றாக ஏறும், ஆனால் அறுத்துக் குவித்து ஈரத்தில் விட்டால் ஒரு வாரத்தில் நீலம் பாரிக்கும். அங்கே பைன் பெரும்பாலும் வனத்துறை நிலத்தில் நிற்கிறது. முறையான ஏலத்தில் வந்ததற்குச் சீட்டு இல்லாமல் ஒரு துண்டும் வாங்காதீர்கள்.

தேயிலைத் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்தான் நமக்குக் கைக்கெட்டும் நல்ல தேர்வு. கன மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ, இழைக்கச் சுலபம், அழகான ரேகை. குறை என்னவென்றால் தேக்கு மாதிரி தானே தாக்குப்பிடிக்கிற வைரம் இதற்குக் கிடையாது. மருந்து ஏற்றாமல் கட்டினால் பூச்சி வரும் என்பதில் சந்தேகமே இல்லை. 70 சதுர மீட்டர் வீட்டுக்கு அறுத்த மரம் சுமார் 10 கன மீட்டர், அதாவது 350 கன அடி. அறுவையில் கிட்டத்தட்டப் பாதி கழிவாகும் என்று வைத்துக்கொண்டு உருட்டு மரத்தைக் கணக்கிடுங்கள். சொந்தத் தோட்டமே ஆனாலும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி வாங்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

பாலு ஆசாரி, ஊட்டி: சில்வர் ஓக் பலகை போட்டால் ஆறு மாதத்தில் முறுக்கிக்கொள்கிறது, வெள்ளையாக மாவு உதிர்கிறது. என்ன செய்வது?

முறுக்கினால் மரம் காயவில்லை. மாவு உதிர்ந்தால் பூச்சி துளைக்கிறது, மருந்து ஏறவில்லை. இரண்டையும் வரிசை மாறாமல் செய்ய வேண்டும், ஆசாரி. முதலில் மருந்து, அதுவும் மரம் பச்சையாக இருக்கும்போதே. போரான் மருந்து ஈரத்தின் வழியாகத்தான் உள்ளே பரவும். நன்றாகக் காய்ந்த பலகையை நனைத்தால் மேலோட்டமாகவே நின்றுவிடும்.

100 லிட்டர் வெந்நீரில் வெண்காரம் 3.6 கிலோ, போரிக் அமிலம் 2.4 கிலோ கரையுங்கள். 25 மி.மீ. பலகையை மூன்று நாள் அமிழ்த்தி வைத்து, எடுத்து, இடைவெளியில்லாமல் அடுக்கித் தார்ப்பாயால் இறுகச் சுற்றி நான்கு வாரம் விடுங்கள். அதன்பிறகுதான் காய வைப்பது. 20 மி.மீ. ரீப்பர் துண்டுகளை 450 மி.மீ. இடைவெளியில் வைத்து, மேலடுக்கின் துண்டு கீழடுக்கின் துண்டுக்கு நேர்மேலே வருமாறு அடுக்குங்கள். துண்டு விலகினால் பலகை அந்த விலகலை அப்படியே வளைவாக வாங்கிக்கொள்ளும். இரண்டு முனையிலும் மெழுகோ பெயின்ட்டோ பூசுங்கள். மேலே கூரை, பக்கங்கள் திறப்பு. இங்கே மூடுபனி நாட்களில் எத்தனை மாதம் வைத்தாலும் மரத்தின் ஈரம் 18 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது கஷ்டம். ஆகவே கடைசியில் சூளையில் வைத்து 12 முதல் 14 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஈரமானியைப் பலகையின் முனையில் குத்தாமல் நடுவில் குத்திப் பார்க்க வேண்டும்.

போரான் மழையில் கரைந்து போய்விடும். வெளியே நனையும் தூண், படி, வராந்தாக் கைப்பிடிக்கு அழுத்தக் கலனில் செம்பு மருந்து ஏற்றிய மரமே வேண்டும். அந்த மருந்தில் ஆர்சனிக் இருக்கலாம். அதன் வெட்டுத்துண்டை அடுப்பிலோ கணப்பிலோ போடவே கூடாது. தளத்தில் துண்டு கிடந்தால் குளிருக்கு யாராவது எரிப்பார்கள். பூட்டிய பெட்டியில் சேர்த்து வெளியேற்றுங்கள்.

மீனா, கோத்தகிரி: அஸ்திவாரமும் தரையும் எப்படி? கான்கிரீட் தளம் போட்டுவிட்டால் நிம்மதி அல்லவா?

100 மி.மீ. கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ. மரச்சட்டமும் பலகையும் சேர்ந்து 50 கிலோவுக்குள். சரிவின் தலையில் எதை ஏற்றுவது என்று நீங்களே சொல்லுங்கள். ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனிக் கான்கிரீட் கால் போடுங்கள். அடி கெட்டி மண்ணில் ஊன்றி, தலை மேல்பக்கத் தரையிலிருந்து குறைந்தது 450 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதன்மேல் கால்வனைஸ்டு இரும்புத் தாங்கி, மரத்தூணின் அடி கான்கிரீட்டைத் தொடாமல் 25 மி.மீ. மேலே நிற்கும். இடையில் ஓரம் கீழ்நோக்கி மடித்த கரையான் தகடு. தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மரம் சுருங்கும்போது விழும் இடுக்கில் நீர் இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் இற்றுப்போகும்.

மூன்று மீட்டர் இடைவெளிக்கு 50×150 மி.மீ. தரைச்சட்டத்தை 400 மி.மீ.க்கு ஒன்றாக வைத்தால் பாரம் தாங்கும், ஆனால் நடந்தால் அலமாரிக் கண்ணாடி அதிரும். 50×175 போட்டால் அந்தத் தொல்லை இல்லை. குளியலறையை மட்டும் மேல்சரிவுப் பக்கத்தில், தரையோடு சேர்ந்த தனிக் கான்கிரீட் மேடையில் வையுங்கள். மரத்தரை மேல் ஓடு ஒட்டிய குளியலறை எப்படியும் ஒருநாள் கசியும்.

ஜோசப், குன்னூர்: உள்சுவரில் பூஞ்சை வராமல் இருக்க?

வெளிப்பலகையை நேரடியாகச் சட்டத்தில் அடிக்காதீர்கள். சட்டத்தின்மேல் ஆவி போக விடும் மெம்பரேன், அதன்மேல் 25 மி.மீ. ரீப்பர், அதன்மேல் பலகை. கீழும் மேலும் அந்த இடுக்கு திறந்திருக்க வேண்டும், எலி நுழையாமல் வலை வையுங்கள். பலகையின் கீழ்முனை தரையிலிருந்து 200 மி.மீ. உயரம். பலகைக்கு ஒரு வரி ஆணி மட்டும். இரண்டு ஓரமும் அடித்தால் சுருங்க வழியில்லாமல் நடுவில் பிளக்கும். கூரைச் சாய்வு 30 பாகை, இறவாணம் 900 மி.மீ. சமையலறை, குளியலறை ஆவியைக் குழாய் வைத்துக் கூரைக்கு வெளியே விடுங்கள், பரணுக்குள் விட்டால் பூஞ்சை அங்கே வளரும். வெளிப்பலகைக்கு வார்னிஷ் வேண்டாம், உரிந்துவிடும். ஊறிப்போகும் எண்ணெய்ப் பூச்சு போதும்.

ரேவதி, கொடைக்கானல்: மர வீடு என்றாலே தீப்பிடிக்கும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

தடித்த மரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.7 மி.மீ. கரியாகும். 150 மி.மீ. தூண் எல்லாப் பக்கமும் அரைமணி எரிந்தபிறகும் உள்ளே 108 மி.மீ. மிஞ்சும், நின்று தாங்கும். ஆபத்து மெல்லிய பலகையிலும், வயரிங்கிலும், கணப்புப் புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலும்தான். அங்கே மரத்திலிருந்து 50 மி.மீ. விலக்கித் தகட்டால் மூடுங்கள். வீட்டுக்கு வீடு 6 மீட்டர் விடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கூரைக் கால்வாயில் காய்ந்த இலை இருக்கக்கூடாது.

சுரேஷ் மறுபடி: கழிவுநீருக்கும் அனுமதிக்கும் ஒரு வரி சொல்லுங்கள்.

48 பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளுக்கு 4,800 லிட்டர். எல்லா வீட்டுக்கும் பொதுவாகப் படிவுத்தொட்டி, தடுப்பறைத் தொட்டி, அதன்பின் சுமார் 120 சதுர மீட்டர் நாணல் ஜல்லிப்படுகை. குளிரில் நுண்ணுயிர் மெதுவாக வேலை செய்யும் என்பதால்தான் இந்தப் பரப்பு. அனுமதிக்கு, உங்கள் கிராமம் ‘ஹாக்கா’ எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உண்டா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். இருந்தால் வனம், புவியியல், வேளாண் பொறியியல் துறைகளின் கருத்தும் தேவை. நீலகிரியில் கட்டட உயர வரம்பு 7 மீட்டர். கால்களின் உயரத்தையும் சேர்த்து வரையுங்கள்.

கவிதா: காட்டெருமையும் கரடியும் வருகிற இடம். வேலி போடலாமா? மீதி நிலத்தில் சோலை (மலையின் இயற்கைக் காடு) வளர்க்க ஆசை.

சுற்றுவேலி வேண்டாம். காட்டெருமை நடக்கும் தடம் சாணத்திலும் மிதிபட்ட புல்லிலும் தெரியும். அதைக் குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை திறந்து விடுங்கள். காய்கறிப் பாத்திக்கு மட்டும் வேலி. கரடி வருவது சமையல் எண்ணெய் வாசத்துக்கும் பழத்துக்கும். பேரியும் கொய்யாவும் வீட்டை ஒட்டி நடாதீர்கள். குப்பையைப் பூட்டும் இரும்பு அறை மேல் ரோட்டில் இருக்கட்டும். விளக்குகள் மஞ்சளாக, கீழ்நோக்கி.

சோலை மரக்கன்றுகளை வெட்டவெளியில் நட்டால் வெயிலும் உறைபனியும் கொன்றுவிடும். இருக்கிற சில்வர் ஓக், சீகை நிழலில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நட்டு, கன்று தோள் உயரம் வந்தபின் நிழல் மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியுங்கள். மொத்தமாக வெட்டினால் உண்ணிச்செடி புகுந்துவிடும். நிலத்தில் எங்காவது பழைய புல்வெளித் துண்டு மிஞ்சியிருந்தால் அங்கே ஒரு மரமும் நடாதீர்கள். குறிஞ்சி பூக்கும் இடம் அதுதான், அடுத்த பூப்பு 2030-இல்.