ஆண்களுக்கும் உணவுக் கோளாறு வருமா? வந்தால் சிகிச்சை எப்படி இருக்கும்?

வரும். 1689-இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் எழுதி வைத்த இரண்டு நோயாளிகளில் ஒருவன் 16 வயதுப் பையன். ஆனாலும் அமெரிக்க மனநலக் கையேட்டில் 2013 வரை 'மாதவிடாய் நிற்பது' அனோரெக்சியாவின் (எடை கூடிவிடுமோ என்று பயந்து உணவை ஒதுக்கி மெலியும் கோளாறு) அடையாளங்களில் ஒன்றாக இருந்தது. பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை!

பல ஆண்களிடம் இது 'கட்டுடல்' என்ற பெயரில் வரும். தட்டில் இருப்பதை கிராம் கணக்கில் நிறுத்துப் பார்ப்பார், காய்ச்சலோடு ஜிம்முக்குப் போவார். பார்ப்பவர்களோ பாராட்டுவார்கள்.

சிகிச்சையில் முதலில் உடம்பு. மிகவும் மெலிந்தவர் திடீரென நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மருத்துவக் கண்காணிப்பில் உணவின் அளவைப் படிப்படியாக ஏற்றுவார்கள். அப்புறம் பேச்சு சிகிச்சை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்றால் வழக்கமாக 20 வாரம், எடை ரொம்பக் குறைவென்றால் 40 வாரம்வரை. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதையும் அப்போது மனதில் ஓடியதையும் உடனே எழுத வேண்டும். குறைந்திருந்த டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், எடை தேறும்போது பெரும்பாலும் தானே ஏறும். உடற்பயிற்சியைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லும்போதுதான் பலர் முரண்டு பிடிப்பார்கள்.