பேநவ்வில் போன பணம், பிள்ளைக்கு வாங்கும் போன்: சிங்கப்பூர் வாசகர் கேள்விகள்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. ஃபேஸ்புக்கில் வீட்டு முறுக்கு, அதிரசம் விளம்பரத்தைப் பார்த்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் ஒரு லிங்க் அனுப்பி, “இந்தச் செயலிய இறக்கி அதுல 5 வெள்ளி முன்பணம் கட்டுங்க ஆன்ட்டி” என்றானாம். அம்மாவும் இறக்கிவிட்டார். பணம் கட்டும் பக்கம் வேலை செய்யவில்லை என்று விட்டுவிட்டார். இதுவரை பணம் எதுவும் போகவில்லை. செயலியை நீக்கினால் போதுமா?
– வாசகி, ஈசூன்

பதில்: போதாது. முதலில் அம்மாவின் போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவருக்குத் தனிச் செயலி எதற்கு? அவனுக்கு அந்த 5 வெள்ளி முக்கியமில்லை. அதைக் கட்டுவதற்காக அம்மா தட்டுகிற வங்கிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும்தான் வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் பிளே ஸ்டோருக்கு வெளியே, ‘ஏபிகே’ என்று முடியும் கோப்பாக இவை வரும். நிறுவும்போது வரிசையாக அனுமதி கேட்கும். எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று தட்டிவிட்டால், திரையில் நடப்பதை அவன் அங்கிருந்தே பார்க்கலாம், வரும் குறுஞ்செய்தியைப் படிக்கலாம், போனைத் தானே இயக்கவும் செய்யலாம். பணம் கட்டும் பக்கம் ‘வேலை செய்யாதது’ எனக்கு நல்ல செய்தியாகப் படவில்லை. அதற்குள் விவரங்களைத் தட்டியிருந்தால் அவை போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்து, உங்கள் போனிலிருந்து அம்மாவின் வங்கியை அழையுங்கள். கணக்கை உடனே முடக்கும் வசதி பெரிய வங்கிகளில் இருக்கிறது. வங்கிக் கணக்கு, சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான இணைய அடையாளக் கணக்கு), மத்திய சேமநிதி மூன்றையும் வேறு சாதனத்தில் திறந்து பார்த்து, கடவுச்சொற்களையும் அங்கிருந்தே மாற்றுங்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலை உங்கள் போனால் படமெடுத்து வைத்துக்கொண்டு போலிசில் புகார் கொடுங்கள். அப்புறம்தான் அம்மாவின் போனை முழுவதும் அழித்து, புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில் குழப்பம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு என்ற மோசடித் தடுப்பு உதவி எண் 1799. இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள்.

இதெல்லாம் முடிந்தபின் ஒரு வேலை இருக்கிறது. அம்மாவின் சேமிப்பில் பெரும் பகுதியைப் பூட்டி வைத்துவிடுங்கள். இந்த வசதிக்கு டிபிஎஸ், பிஓஎஸ்பி வங்கிகளில் ‘டிஜிவால்ட்’, ஓசிபிசி வங்கியில் ‘மணி லாக்’, யூஓபி வங்கியில் ‘லாக்அவே’ என்று பெயர். 2023 நவம்பரிலிருந்து இருக்கிறது. பூட்டிய பணத்தை இணையம் வழியாக யாரும் மாற்ற முடியாது, அம்மாவே நினைத்தாலும் முடியாது. பூட்டைத் திறக்கத் தனி நடைமுறை உண்டு. கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் அந்த அலைச்சலுக்காகத்தான் பூட்டுவதே.

இன்னொன்று, அம்மாவைத் திட்டாதீர்கள். இந்த முறை உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். வீட்டில் திட்டு விழுந்தால் அடுத்த முறை சொல்ல மாட்டார்.

கேள்வி: தீபாவளிக்கு இன்ஸ்டகிராமில் ஒரு பெண்ணிடம் லெஹங்கா சொல்லி, பேநவ்வில் (போன் எண்ணுக்கே வங்கியிலிருந்து பணம் அனுப்பும் வசதி) 180 வெள்ளி அனுப்பினேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை, இப்போது என்னை பிளாக் செய்துவிட்டாள். பெயரும் போன் எண்ணும் என்னிடம் இருக்கின்றன. படத்தோடு ஃபேஸ்புக்கில் போட்டு நாறடிக்கச் சொல்கிறான் என் தம்பி. செய்யலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கோபம் நியாயம். தம்பியின் யோசனைதான் வேண்டாம். ஒருவரைத் தொந்தரவுக்கோ மனவேதனைக்கோ ஆளாக்கும் நோக்கத்தோடு அவரை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவது இங்கே குற்றம். துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘நாறடிக்க’ என்று எழுதியே கொடுத்துவிட்டால் நோக்கத்தை வேறு யாரும் தேட வேண்டியதில்லை. அதோடு, பேநவ்வில் தெரியும் பெயர் ஏமாற்றியவருடையதாகவே இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. கணக்கை வாடகைக்கு விட்டவரோ, விவரம் திருடப்பட்டவரோ இருக்கலாம்.

பணம் கட்டினேன், பொருள் வரவில்லை, கேட்டதற்கு பிளாக் செய்தார்கள் என்று நடந்ததை மட்டும் அந்த விற்பனைப் பக்கத்தின் பெயரோடு எழுதலாம். போன் எண், முகம், குடும்பம் எதுவும் வேண்டாம்.

பணத்துக்கு: வங்கியிடமும் போலிசிடமும் இன்றே சொல்லுங்கள், மூன்று வாரம் என்பதே தாமதம். ஆனால் வங்கி ஈடு கட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2024 டிசம்பர் 16 முதல் நடப்பில் இருக்கும் பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பு (கடமை தவறிய வங்கியோ தொலைத்தொடர்பு நிறுவனமோ இழப்பை ஏற்கும் ஏற்பாடு), போலி இணையத்தளங்களில் விவரங்களைக் கொடுத்து ஏமாறும் சிலவகை மோசடிகளுக்கானது. நீங்களே பார்த்து அனுப்பிய பணம் அதில் வராது. பேநவ், கையில் ரொக்கம் கொடுத்த மாதிரி.

அந்தப் பெண் நிஜமாகவே கடை நடத்துபவர், சரக்கு தாமதம் என்று தெரியவந்தால் கதை வேறு. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை 6277 5100-இல் அழைக்கலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கும் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை, நடந்து 2 ஆண்டுக்குள் என்றால் அங்கே எடுப்பார்கள். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எதிராளி யார், எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் அங்கே போய்ப் பயனில்லை.

முன்பின் தெரியாத விற்பனையாளர் என்றால், பொருள் கைக்கு வரும்வரை பணத்தைத் தானே பிடித்து வைக்கும் தளத்தில், அதன் கட்டண முறையிலேயே கட்டுங்கள். “வெளியே பேநவ் பண்ணா 10 வெள்ளி குறைச்சுக்கிறேன்” என்ற பேச்சு வந்தாலே எழுந்துவிடலாம். நேரில் பார்த்து வாங்க சிராங்கூன் சாலையில் கடைகளுக்கா பஞ்சம்?

கேள்வி: மகனுக்கு 11 வயது. பள்ளியில் எல்லாரிடமும் இருக்கிறது என்று ஸ்மார்ட்போன் கேட்கிறான். எதை வாங்கலாம்?
– வாசகர், பொங்கோல்

பதில்: ‘எல்லாரிடமும்’ என்பதை அப்படியே நம்ப வேண்டாம். பள்ளி முடிந்து “வந்துட்டேன்பா” என்று சொல்வதற்கென்றால், அழைப்பு மட்டும் வசதியுள்ள சாதாரண போனே போதும். ஸ்மார்ட்போன்தான் என்றால் உங்கள் பழையதைக் கொடுங்கள், ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முந்தின இரவே ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்ற பெற்றோர் கட்டுப்பாட்டு வசதிகள் இரண்டில் ஒன்றை அமைத்துவிடுங்கள். கொடுத்தபின் அமைக்கப் போனால் தினமும் பஞ்சாயத்துதான். விளையாட்டுக்குள் பொருள் வாங்க உங்கள் ஒப்புதல் கேட்கும்படி வையுங்கள், உங்கள் கடன் அட்டையை அதில் சேர்க்கவே வேண்டாம்.

7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை தவிர்த்து ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் என்பது 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு சொன்ன அளவு. சாப்பாட்டு நேரத்திலும், தூங்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் திரை வேண்டாம் என்றும் சொல்கிறது. சாப்பாட்டு மேசையில் உங்கள் போன் எங்கே இருக்கிறது என்று அவன் கட்டாயம் கேட்பான், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

கேள்வி: பேரங்காடிப் பரிசுக் குலுக்கில் அடையாள அட்டை எண்ணை முழுதாக எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: வேண்டாம். சட்டம் கேட்டாலோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அந்த எண்ணை வாங்கக் கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் உள்ள விதி. குலுக்கு அதில் சேராது. போன் எண்ணை எழுதிப் போடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.